கேரளா லாட்டரி ரிசல்ட், விளம்பரத்துல தப்பு வந்தா யாரு கேக்குறது? உங்க அனுபவம் சொல்லுங்க

பொள்ளாச்சிக்காரன்:
கேரளா பார்டர்ல இருக்கிற வாளையார் கடைங்க தெரியும்ல. காருண்யா லாட்டரி ரிசல்ட் ஷீட்ட ஒரு கடையில ஒட்டியிருந்தாங்க, 5000 ரூபா பிரைஸ் வரிசையில கடைசி நாலு நம்பர்ல 6க்கு பதிலா 8. லாரி கிளீனர் ஒருத்தர் டிக்கெட்ட வேட்டி மடிப்புல சொருகிட்டு வீட்டுக்கு போன் போட்டு பரிசு விழுந்துச்சுன்னு சொல்லியே முடிச்சிட்டாரு, அப்பதான் ஒரு பையன் போன்ல கவர்மெண்ட் ரிசல்ட்ட காட்டுறான். கடைக்காரர் பேனாவால 8அ திருத்திட்டு "அடுத்த வாரம் எடுங்கண்ணே"ன்னு புது டிக்கெட்ட நீட்டுறாரு. அந்த மனுசன் திருப்பி வீட்டுக்கு போன் போடவே இல்ல.

மலபார்மணி:
ப்ரோ, ஷீட் எல்லாம் கணக்குலயே வராது. அரசு கெஜட்ல பாத்துக்கோன்னு லாட்டரி துறையே சொல்றாங்களே. எனக்கு வந்தது இதவிட மோசம். 2023 ஓணம் பம்பர் 25 கோடி திருப்பூர் பக்கத்து ஆளுங்க 4 பேருக்கு விழுந்துச்சுல்ல, அத வச்சே ஃபேஸ்புக்ல "வீட்ல இருந்தே கேரளா லாட்டரி"ன்னு விளம்பரம். மச்சான் பணம் கட்டிட்டான். ஆன்லைன்ல லாட்டரி துறை விக்கிறதே கிடையாது, பேப்பர் டிக்கெட் மட்டும்தான்.

கணக்கர்_ராஜா:
ரெண்டு பேரும் மெயின் மேட்டர விட்டுட்டீங்க. ஃபிளெக்ஸ்ல 25 கோடின்னு யானை சைஸ்ல போட்டிருந்தான், வரி பத்தி ஒரு வரி இல்ல, நான் பாத்தது அவ்ளோதான். கணக்கு போடுங்க, ஏஜென்ட் கமிஷன் 10% போனா 22.5, அதுல 30% டிடிஎஸ் (முன்னாடியே பிடிக்கிற வருமான வரி) போனா 15.75 கோடி, அதுக்கு மேல சர்சார்ஜ்ங்கிற கூடுதல் வரி தனி. முக்கியமானத மறைச்சா அதுவும் தவறான விளம்பரம்தான், 2019 நுகர்வோர் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்ப பண்ணா 50 லட்சம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிங்க, காசு போயிருந்தா லேட் பண்ணாம சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930. கடைக்காரன் மேலன்னா ஏஜென்சி நம்பர குறிச்சிட்டு அந்த மாவட்ட லாட்டரி ஆபீஸ், இல்லனா திருவனந்தபுரம் விகாஸ் பவன் டைரக்டரேட்டுக்கு எழுதுங்க. டிக்கெட் பின்னாடி முதல்ல கையெழுத்து போடுங்க, ஜெராக்ஸ் எடுங்க...

மலபார்மணி:
சார், லாட்டரி நடத்துறதே கேரள அரசு. அரசு மேல அரசுகிட்டயே புகாரா? நம்ம ஊர்ல 2003லயே தடை, இங்க பிளாக்ல வாங்குனவன் எந்த ஸ்டேஷனுக்கு போவான்?

பொள்ளாச்சிக்காரன்:
நான் கேட்டது ஷீட் பத்தி. எல்லாரும் கோடிக்கு போயிட்டீங்க.