பொருள்: நரம்பு ஊறுகள் – ‘மரப்பு’ வேண்டாம், ‘திகைப்பு’ ஆகலாமா?

அனைவருக்கும் வணக்கம். நரம்பு அடிபடுவதில் மூன்று வகை: நியூராப்ராக்சியா (நரம்பு அறாமல் செயல் மட்டும் சிறிது காலம் நிற்பது), ஆக்சனாட்மெசிஸ் (உள்ளிழை அறுந்து வெளியுறைகள் நிற்பது), நியூராட்மெசிஸ் (நரம்பே முழுதும் அறுவது). நம் கலைச்சொல் பட்டியலில் இவற்றுக்கு வைக்கும் தமிழ்ப்பெயர் பற்றி வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> நியூராப்ராக்சியாவுக்கு ‘நரம்பு மரப்பு’ போதும். கை மரத்துப்போவதை அறியாதவர் யார்?

ஐயா, சொல் எளிமையானதுதான். ஆனால் மரத்துப்போதல் என்றதும் உணர்ச்சி போனதுதான் நினைவுக்கு வருகிறது. இந்த ஊறில் அதிகம் போவது அசைவு. தொடுவுணர்வு ஓரளவு தங்கிவிடும். நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டு அயர்ந்து உறங்கியவர், எழுந்ததும் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தவிக்கிறார். அங்கே ஆரை நரம்பு மேற்கை எலும்போடு அழுந்திவிட்டது. ஆக்சான் (செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழை) அறவில்லை, அதைச் சுற்றியுள்ள மையலின் உறை நசுங்கியதால் செய்தி கடக்கவில்லை, அவ்வளவே. சில நாளிலோ சில வாரத்திலோ கை நிமிர்ந்துவிடும். தவிர, அறுவைக்கு முன் போடும் ஊசியும் மரக்கத்தான் வைக்கிறது. ஒரே சொல் இரண்டுக்கும் ஆகாது.

என் பரிந்துரை ‘நரம்புத் திகைப்பு’. திகைத்து நிற்பவருக்கு உறுப்பு எதுவும் குறையவில்லை, செயல்தான் நின்றிருக்கிறது; தானே மீள்வார். நோயாளியிடம் சொன்னாலும் அச்சம் தராது.

> மற்ற இரண்டுக்கும் ‘இழை முறிவு’, ‘நரம்பு முறிவு’.

இதில் எனக்கு உடன்பாடில்லை, அம்மா. எலும்பு முறியும்; கயிறும் நூலும் அறும். மேற்கை எலும்பு நடுவில் முறியும்போது அதை ஒட்டிச் சுற்றிவரும் ஆரை நரம்பும் அடிபடுவதுண்டு. அந்த அறிக்கையில் இரண்டு ‘முறிவு’ வந்தால் படிப்பவர் தடுமாறுவார். ஆகவே ஆக்சனாட்மெசிஸ் ‘இழையறவு’, நியூராட்மெசிஸ் ‘நரம்பறவு’. அறுவை மருத்துவர் செடன் 1943-இல் மூன்றாகப் பிரித்ததன் பயனே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இழையறவில் வெளியுறைகள் நிற்பதால் இழை அந்த வழியே நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்ந்து சேரும். அடிபட்ட இடத்திலிருந்து தசைக்கு 15 செ.மீ. என்றால் ஐந்து மாதம் பொறுக்க வேண்டும். நரம்பறவில் பொறுத்திருந்து பயனில்லை, தைத்தாக வேண்டும்.

ஒரு தொல்லை உண்டு. பேச்சுவழக்கில் கைமேல் புடைத்துத் தெரியும் சிரையும் நரம்பு, விரலை மடக்கும் தசைநாணும் நரம்பு. கண்ணாடி கிழித்துக் கை ஓரத்தில் ரத்தம் வடிய வருபவர் “நரம்பு அறுந்துபோச்சு” என்றால் மூன்றில் எது? மருத்துவர் விரலை மடக்கச் சொல்லியும் தொட்டுப் பார்த்தும்தான் அறிகிறார். நம் பட்டியலிலாவது ‘நரம்பு’ ஒரு பொருளில் மட்டுமே நிற்கட்டும்.

செடனின் மூன்று வகையை நரம்பாய்வாளர் சண்டர்லேண்ட் 1951-இல் ஐந்து படிகளாக விரித்தார். அதற்கு நரம்பின் உறைகளுக்கும் பெயர் தேவை. கயிறு திரிப்போரிடம் இழை, புரி, வடம் என்ற வரிசை ஏற்கெனவே இருக்கிறது. அதன்படி ஒவ்வோர் இழையையும் சுற்றிய எண்டோநியூரியம் ‘இழையுறை’, இழைக்கற்றையைச் சுற்றிய பெரிநியூரியம் ‘புரியுறை’, நரம்பு முழுவதையும் சுற்றிய எபிநியூரியம் ‘நரம்புறை’. முதற்படி திகைப்பு, இரண்டாவது இழையறவு, மூன்றில் இழையுறையும் நான்கில் புரியுறையும் சேர்ந்து அறும், ஐந்தாவது நரம்பறவு.

‘புரி’ என்றால் வலம்புரிபோல் சுழிவு என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது. ‘கற்றையுறை’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கயிற்றின் வரிசை குலைந்துவிடும். அறுவை மருத்துவம் பார்க்கும் உறுப்பினர்கள் எதை எழுத விரும்புவார்கள்?