செகண்ட் ஹேண்ட் சைக்கிள்: முன்னாடி சாக்கப்சர் இருந்தே ஆகணுமா?

பால்ரஸ்72:
புதுசா சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கறவங்களுக்குன்னு ஈசிஆர்5மணி நேத்து எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசே ஆறல. "பழைய சைக்கிள் வாங்கினா முன்னாடி சஸ்பென்ஷன் இருக்கான்னு பாத்து வாங்குங்க, நம்ம ரோட்டுக்கு அதான் செட் ஆகும்"னு போட்டிருக்கார், கீழ நாப்பது பேர் சூப்பர் ப்ரோ சூப்பர் ப்ரோன்னு. எங்கப்பா காலத்துல இருந்து சைக்கிள் கடைதான் எங்களுக்கு சோறு போடுது. பழைய சைக்கிள்ல மொதல்ல உயிரை விடறதே அந்த சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலை வாங்கிக்கற சாக்கப்சர்தான். விலை கம்மியான சைக்கிள்ல அதுக்குள்ள இருக்கறது ஒரு சுருள் கம்பி, ரெண்டு பிளாஸ்டிக் புஷ், கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். ரெண்டு மழைக்காலம் வாசல்ல நனைஞ்சா தண்ணி இறங்கி துரு ஏறி இறுகிடும், அப்புறம் ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கற வெறும் இரும்பைச் சுமந்துக்கிட்டு மேம்பாலம் ஏற வேண்டியதுதான்.

ஈசிஆர்5மணி:
என் பேரைப் போட்டு தனியா தலைப்பு ஆரம்பிக்கற அளவுக்கு நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? வாரம் 200 கிலோமீட்டர் ஓட்டறவன் நான், கடையில உக்காந்து பேசறவன் இல்ல. சாதா ஃபோர்க்ல (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவை) ஓட்டி மணிக்கட்டு வலி வந்து மூனு வாரம் சைக்கிளைத் தொடல. சஸ்பென்ஷன் இருக்கற சைக்கிள் வந்தப்புறம்தான் சரியாச்சு. அனுபவத்துல சொல்றேன்.

பால்ரஸ்72:
வலிக்குக் காரணம் ஃபோர்க் இல்ல தம்பி, நீங்க அடிச்ச காத்து. 26 இன்ச் 1.95 டயர்னா பக்கவாட்டுல 40-ல இருந்து 65 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) வரைக்கும்னு போட்டிருப்பான், பம்ப்காரர் கண்ணை மூடிக்கிட்டு 65 அடிப்பார், கல்லு மாதிரி இருக்கும். 45-க்கு இறக்கிட்டு ஓட்டிப் பாருங்க. டன்லப் 1888-ல காத்து டயருக்குக் காப்புரிமை வாங்கினதே குலுங்காம ஓட்டறதுக்குத்தான். காத்துதான் மொத சாக்கப்சர்.

பழைய_நோட்டு:
ஒரு சின்ன திருத்தம். காத்து டயருக்கு மொதல்ல காப்புரிமை வாங்கினவர் தாம்சன், 1845-ல. அது தெரிய வந்ததுக்கப்புறம் டன்லப்போட காப்புரிமை செல்லாமப் போச்சு. தெரியாத விஷயத்தை எழுதாதீங்க.

பால்ரஸ்72:
வந்துட்டார் வாத்தியார். பழைய ரோட்ஸ்டரோட, அதான் அந்தக் காலத்துப் பெரிய சைக்கிளோட, 28 இன்ச் ரிம்முக்கு 700 டயர் போடலாம், ரெண்டும் ஒன்னுதான்னு போன வருஷம் இங்கதானே அடிச்சுப் பேசுனீங்க. டயர் உக்கார்ற இடத்துல குறுக்களவு 28 இன்ச்சுக்கு 635 மில்லிமீட்டர், 700-க்கு 622. உங்க பேச்சைக் கேட்டு டயர் வாங்கினவர் ரிம்ல ஏத்த முடியாம நின்னாரே, அதுக்கு எங்க திருத்தம்?

பழைய_நோட்டு:
அது வேற விவாதம். அதை இங்க இழுக்காதீங்க.

தாம்பரம்_அக்கா:
சண்டைக்கு நடுவுல ஒரு கேள்வி. எனக்கு 38 வயசு, உயரம் 5 அடி 2, ஸ்கூல்ல லேடீஸ் சைக்கிள் ஓட்டினதோட சரி. பக்கத்துத் தெருவுல 3,500 ரூபாய்க்கு ஒன்னு வருது, முன்னாடி சஸ்பென்ஷன் இருக்கு. எதைப் பாத்து வாங்கறது?

பால்ரஸ்72:
அக்கா, மொதல்ல நடுபாருக்கு ரெண்டு பக்கமும் காலை ஊனி நில்லுங்க, பாருக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு இன்ச்சாவது இடைவெளி வேணும். இல்லேன்னா ஓசியில கிடைச்சாலும் வேணாம். அப்புறம் ஸ்கூல் ஸ்கேல் ஒன்னு எடுத்துட்டுப் போங்க. செயின்ல கண்ணிகளைக் கோக்கற குட்டி ஆணி இருக்கே, பின், அது ஒன்னோட நடுவுல பூஜ்யத்தை வச்சா புது செயின்ல சரியா 12 இன்ச்ல இன்னொரு பின் உக்காரும். அது அரைக்கால் இன்ச் தள்ளிப் போயிருந்தா செயின் முடிஞ்சுது, பின் சக்கரத்துல செயின் ஓடற பிரீவீல் பல்லும் தேஞ்சிருக்கும், ரெண்டையும் மாத்தற காசை விலையில கழிச்சுப் பேசுங்க. சக்கரத்தைச் சுத்திவிட்டு ரிம் பிரேக் கட்டைக்கிட்ட வந்து வந்து போகுதான்னு பாருங்க, லேசான கோட்டம்னா எடுத்துடலாம். சீட்டுக் குழாயை ஏத்தி இறக்கிப் பாருங்க, சிலதுல துருவுல ஒட்டிக்கிட்டு அசையாது. கடைசியா முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டில்பாரை ரெண்டு கையால அமுக்குங்க. சீரா இறங்கி சீரா ஏறணும். நிக்குது, இல்ல கடகடங்குதுன்னா சாக்கப்சர் போச்சு.

ஈசிஆர்5மணி:
அப்ப அமுங்கினா வாங்கலாம், அதானே? இதைத்தானே நானும் சொன்னேன். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பால்ரஸ்72:
நீங்க சொன்னது "இருக்கான்னு பாத்து வாங்குங்க". வேலை செய்யுதான்னு பாக்கச் சொல்லல. இருக்கறது வேற, வேலை செய்யறது வேற. உங்க பதிவைத் திரும்பப் படிங்க.

ஈசிஆர்5மணி:
படிக்கறவங்களுக்குப் புரியும். குத்தம் கண்டுபிடிக்கணும்னே வர்றவங்களுக்குப் புரியாது.

நொய்யல்காரன்:
எதுக்கு இந்த வம்பு? பிளஸ் ஒன் பசங்களுக்கு அரசாங்கம் குடுக்கற சைக்கிள் பழசா வித்துக்கிட்டுதான் இருக்கு. சாக்கப்சரும் கெடையாது, கியரும் கெடையாது, எந்த ஊர்லயும் ஸ்பேர் கெடைக்குமுங்க. முழுசா கழட்டிச் சுத்தம் பண்ணி ஒரு ஓவர்ஹால் பண்ணி ஓட்டுங்க.

செயின்கவர்:
இலவச சைக்கிளை விலை குடுத்து வாங்கச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல? பள்ளிக்கூடம் போறதுக்குன்னு பசங்களுக்குக் குடுத்தது அது.

நொய்யல்காரன்:
பையன் படிச்சு முடிச்சு காலேஜுக்கு பஸ்ல போறான், சைக்கிள் திண்ணையில துருப்பிடிக்குது. அவன் வித்து ஃபீஸுக்கு ஆக்கினா உங்களுக்கு ஏனுங்க வலிக்குது? நானே அந்த சைக்கிள்ல படிச்சவன்.

செயின்கவர்:
படிக்கற பையன் பாதியில வித்தா? அவன்கிட்ட வாங்கறவனுக்கு அது தெரியவா போகுது?

பால்ரஸ்72:
யார்கிட்ட வாங்கினாலும் பெடல் அச்சுக்கு அடியில ஃபிரேம் நம்பர் அடிச்சிருக்கான்னு சைக்கிளைக் கவுத்துப் பாருங்க, ராவி அழிச்சிருந்தா திருட்டு வண்டியா இருக்கலாம். அதை விடுங்க. ஈசிஆர் தம்பி இன்னும் அந்த வரியை மாத்தல. நான் இப்பத்தான் போய்ப் பாத்தேன்.

ஈசிஆர்5மணி:
மாத்த மாட்டேன். நம்ம ரோட்டுக்கு சஸ்பென்ஷன் வேணும். நாளைக்கும் இதையேதான் சொல்லுவேன்.

தாம்பரம்_அக்கா:
போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். செயின் 12-லயே உக்காந்துச்சு. பிரேக்கைப் பிடிச்சு அமுக்கினேன், முக்கால் இன்ச் இறங்குச்சு, ஏறும்போது பாதியில நின்னு கிறீச்சுன்னு சத்தம் போட்டுட்டு அப்புறமா மேல வந்துச்சு. 3,000-க்குத் தரேங்கறார்.

ஈசிஆர்5மணி:
மேல வந்துடுச்சுல்ல, வேலை செய்யுது. ரெண்டு சொட்டு ஆயில் விட்டா சத்தம் போயிடும், தாராளமா வாங்குங்க மேடம்.

பால்ரஸ்72:
பாதியில நின்னுச்சுன்னு அவங்களே சொல்றாங்க! ஆயில் விட்டா வெளியில இருக்கற மண்ணெல்லாம் அதுலதான் ஒட்டும், புஷ் இன்னும் சீக்கிரமா தேயும். அக்கா, 2,000-க்கு மேல ஒரு ரூபா குடுக்காதீங்க. மொதல்ல அந்த ஃபோர்க்கை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்.