மர லூர் (தூண்டிலில் கட்டும் மரப் பொய்மீன்) வழவழவென்று வர நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

செதுக்கும் வரை எல்லாருக்கும் நன்றாகத்தான் வருகிறது. தகராறு பெயின்ட் அடித்த பிறகுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கன்னத்தில் வைத்தால்கூட உறுத்தாத மரம், முதல் கோட் காய்ந்ததும் சொரசொரவென்று நிற்கும். பெயின்ட் சரியில்லை என்று நினைத்து மேலே இன்னொரு கோட் போடுகிறவர்கள் நிறைய. பெயின்டுக்கு இதில் பங்கு கொஞ்சம்தான். தேய்க்கும்போது அமுங்கிப்போன நார், ஈரம் பட்டதும் நிமிர்ந்துகொள்கிறது. தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் பெயின்ட் செய்யப்போகும் வேலையை நானே முன்கூட்டிச் செய்துவிடுவேன். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி (எண் ஏற ஏறத் தாள் நைஸ்) 220 தாள் வரை வந்ததும், ஈரத்துணியைப் பிழிந்து லூர் முழுக்க ஒரு துடை. காய்ந்த பிறகு தடவினால் சவரம் செய்த மறுநாள் தாடை மாதிரி இருக்கும். அதை 320 தாளால், நாரின் ஓட்டத்தோடு, அழுத்தாமல் எடுக்க வேண்டும். தாள் புதிதாக இருக்கட்டும். தேய்ந்த தாளும் அழுத்துகிற கையும் நாரை அறுக்காது, திரும்பப் படுக்கத்தான் வைக்கும். பால்சா மாதிரி மெத்தென்ற மரமானால் இன்னொரு தரம் நனைத்துத் தேய்ப்பேன்.

அடுத்தது சீலர், அதாவது மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு. மூக்கும் வாலும் மரத்தின் குறுக்குவெட்டு. அங்கே நுண்குழல்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். விலாவுக்கு ஒரு கோட் போதுமென்றால் மூக்கு மூன்று கோட்டைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். உடம்பு பளபளத்து மூக்கு மட்டும் மங்கிப்போன லூர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். நான் மூக்கிலும் வாலிலும் முதலில் நீர்த்த வகை சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவிடுவேன். இறுகியதும் தேய்த்துவிட்டு, உடம்பு முழுவதற்கும் சாண்டிங் சீலர். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவி கண்ணை எரிக்கும். வழிந்த சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியால் துடைக்கப் போகாதீர்கள். பருத்தியில் பட்டால் அந்தப் பசை சூடேறிப் புகையும்.

மற்றவர்கள் சீலருக்கு என்ன போடுகிறீர்கள்? மேலே எபாக்சி (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் இறுகும் பசை) ஊற்றும்போது குமிழி வருகிறதா?

* * *

குமிழி பற்றி நான் சொல்கிறேன் அண்ணா.

குமிழி என்றதும் "மெதுவாகக் கலக்கு, காற்று புகாமல் கலக்கு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது பாதி நிஜம். கலக்கும்போது புகுந்த காற்று உடம்பெங்கும் பொடிப்பொடியாகத் தெரியும், ஹீட் கன்னை ஒரு வீச்சு காட்டினால் போய்விடும். என் லூர்களில் வந்தது வேறு ரகம். கண் ஒட்டும் குழியின் ஓரம், வயிற்றில் ஈயம் இறக்கிய துளை, தூண்டில் முள் மாட்டும் வளையம் நுழையும் இடம், இந்த மூன்றில்தான் வரும். உடைத்தால் அதே இடத்தில் மறுபடி வரும்.

ஒருநாள் விளக்குக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் குழியின் ஓரத்தில் கடுகில் கால்வாசி அளவில் ஒன்று கிளம்பியது. மெல்லப் பெருத்து, உடைந்து, சின்னப் பள்ளம் விழுந்தது. பள்ளம் நிரம்புவதற்குள் அதன் நடுவிலேயே அடுத்தது. அதாவது காற்று மரத்துக்குள்ளிருந்து வருகிறது. விளக்கின் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிகிறது, போக வழியில்லாமல் எபாக்சியைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. ஹீட் கன்னை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றால் மரம் இன்னும் சூடாகி இன்னும் கக்கும்.

இப்போது இரண்டு விஷயம் மாற்றிவிட்டேன். காலையில் வெயில் ஏறும் நேரத்தில் கோட் போடுவதில்லை. மரம் குளிர்ந்துகொண்டிருக்கும் சாயங்காலம்தான். குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குவதால் பசையை உள்ளே இழுக்குமே தவிர வெளியே தள்ளாது. இன்னொன்று, முதல் எபாக்சி கோட் பளபளப்புக்காக இல்லை. கையுறை மாட்டி, விரலால் நன்றாகத் தேய்த்து ஏற்றி, மிச்சத்தை வழித்துவிடுவேன். துளை ஓரங்களுக்குப் பல்குச்சியால் தனியாக. அது இறுகி, லேசாக 400 தாள் போட்ட பிறகே பிரைமர், பெயின்ட், மேல் கோட் எல்லாம். குமிழி அதோடு ஏறக்குறைய நின்றது.

* * *

எதற்கு இவ்வளவு பாடு? மீன் என்ன தடவிப் பார்த்தா கடிக்கிறது? பெயின்ட் பாதி உரிந்த லூரில்தான் எனக்கு அதிகமாக மாட்டுகிறது.

* * *

மேலே சொன்னவர் சொல்வது சரிதான், மீனுக்குப் பளபளப்பு தேவையில்லை. ஆனால் மரத்துக்குத் தேவை.

நேராக நீந்திக்கொண்டிருந்த லூர் ஒன்று திடீரென்று ஒருக்களித்து ஓட ஆரம்பித்தது. மூக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குத் தகட்டை வளைத்துப் பார்த்தேன், வளையத்தைத் திருகிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்துவிட்டேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே, வயிற்று வளையத்தின் திருகு இறங்கிய இடத்திலிருந்து வால் பக்கமாக ஒரு கறுத்த வரி நாரோடு ஓடியிருந்தது. விரலால் அமுக்கினால் ஈரம் கசிகிறது. ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் குடித்து எடை ஏறியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மரம் உப்பி, மேல் கோட்டே நீளமாக வெடித்திருக்கும்.

ஆகவே துளைகள் எல்லாவற்றையும் சீலருக்கு முன்பே போட்டுவிட வேண்டும், நாக்குக்கான வெட்டு உட்பட. பெயின்ட் எல்லாம் முடிந்து கடைசியில் துளை போட்டால், அந்தத் துளையின் சுவர் பூச்சே படாத வெறும் மரம். நான் சீலரில் முழுதாக முக்கி எடுக்கும் கட்சி. பாலியூரிதேன் வார்னிஷைத் தின்னரில் இளக்கி, அதில் முக்கித் தொங்கவிடுவேன். வால் நுனியில் திரளும் சொட்டைத் தூரிகை முனையால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஒரு மரு நிற்கும். அது முற்றிலும் காயும் வரை அடுத்த வேலை கிடையாது. ஆளி எண்ணெயில் ஊறவைப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும், உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தால் மேலே பெயின்ட் பிடிக்காது. தேக்குத் துண்டில் செய்பவர்கள் முதலில் அசிட்டோனால் துடையுங்கள், அந்த மரத்துக்கே எண்ணெய்ப் பசை உண்டு.

இது ஒன்றும் புதுக் கவலை இல்லை. 1936-ல் பின்லாந்தின் லௌரி ரபாலா தக்கையில் செதுக்கிய லூருக்குச் சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளைத்தான் மேல்தோலாக ஒட்டினார். அது உரியாமலும் தண்ணீர் இறங்காமலும் இருக்க, பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். இன்று பிளாஸ்டிக் குருணையை அசிட்டோனில் கரைத்து முக்கி எடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே யோசனை. (அசிட்டோன் பக்கத்தில் நெருப்பு வேண்டாம், ஹீட் கன்னும் வேண்டாம்.)

* * *

ஒரு சந்தேகம். எபாக்சி இறுகிய பிறகும் மேலே எண்ணெய் தடவியது மாதிரி ஒரு படலம். சில இடத்தில் எபாக்சி விலகி, வட்ட வட்டமாகப் பெயின்ட் தெரிகிறது. இரண்டும் ஒரே கோளாறா? மழைக்காலத்தில்தான் அதிகம்.

* * *

இரண்டும் வேறு வேறு. முதலில் கேட்டவன் என்ற முறையில் நானே சொல்கிறேன்.

எண்ணெய் மாதிரி படலம் ஈரக்காற்றின் வேலை. எபாக்சியின் ஹார்ட்னர் காற்றில் இருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே அப்படிப் படியும். அதன் மேலேயே அடுத்த கோட் போட்டால் உரியும். வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், காயவிட்டு 600 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த கோட் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கை உள்ளே தேய்த்து ஏற்றியதாகும். கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை என்றால் அது படலம் இல்லை, கலவை விகிதம் தப்பு. புட்டியில் கொள்ளளவில் சரிபாதி என்று போட்டிருப்பதைத் தராசில் சரிபாதியாக எடுக்கக் கூடாது, ரெசினும் ஹார்ட்னரும் ஒரே கனம் இல்லை.

வட்டமாக விலகுவது பெரும்பாலும் கைப்பிசுக்கு, இல்லையென்றால் சிலிகான் ஸ்ப்ரே எதுவோ பட்டிருக்கும். பெயின்ட் காய்ந்த பிறகு லூரை வெறுங்கையால் தொடாதீர்கள். மூக்கு வளையத்தில் கம்பி மாட்டி, அதைப் பிடித்தே வேலை பாருங்கள். எபாக்சி ஒரு பக்கம் வழியாமல் இருக்க மோட்டாரில் மாட்டிச் சுற்றுவதாக இருந்தால் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று தாராளம். மோட்டார் இல்லாவிட்டால் எபாக்சி கெட்டிப்படும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான், இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

விலகியது ஒன்றிரண்டு இடம்தான் என்றால் முழுவதையும் சுரண்ட வேண்டாம். இறுகியதும் அந்த வட்டத்தின் கரையைத் தேய்த்துச் சமப்படுத்தி, ஆல்கஹாலில் துடைத்து, பள்ளத்தை மட்டும் பல்குச்சியால் நிரப்புங்கள். அதன் மேல் முழுதாக ஒரு மெல்லிய கோட். பெயின்ட் அக்ரிலிக்காக இருந்தால் ஆல்கஹால் அதைக் கரைக்கும், வெளியே தெரியும் இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.