வியட்நாமுக்கு முதல் தடவை, கையில் 8 நாள், எந்த ஊரை விடுவது?

ஈரோட்டுக்காரன்:

பாஸ்போர்ட் எடுத்து நாலு வருடம் ஆகிவிட்டது, இன்னும் அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. இந்த அரையாண்டு விடுமுறைக்கு எப்படியாவது வியட்நாம் போய்விடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. டிசம்பர் 24 ராத்திரி கிளம்பினால் ஜனவரி 2 காலையில் ஊரில் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூட லீவு கிடைக்காது. நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், அம்மா. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம், முட்டை வாசனையே ஆகாது. மற்ற மூன்று பேரும் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவோம்.

சிக்கல் என்னவென்றால் ஆளுக்கொரு ஊர் கேட்கிறார்கள். மனைவிக்கு ராட்சசக் கை தாங்கி நிற்கும் அந்தத் தங்கப் பாலமும் ஹோய் ஆன் கூண்டு விளக்குகளும். மகளுக்கு ஹா லாங் விரிகுடாவில் கப்பலில் ஒரு ராத்திரி தூங்க வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே, சைகோன் (ஹோ சி மின் நகரம்) பக்கத்தில் போர்க்காலத்தில் பயன்பட்ட கூ சி சுரங்கத்தைப் பார்க்க ஆசை. அம்மா மட்டும் "எங்கே கூட்டிப் போனாலும் சரி" என்கிறார், அதுதான் எனக்குப் பயம்.

ஒரு டிராவல்ஸில் கேட்டேன். ஹனோய் 1, சாபா 2, ஹா லாங் 1, டா நாங் 2, சைகோன் 1, ஃபூ குவாக் 1 என்று எட்டு ராத்திரிக்குத் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, "எல்லாமே கவர் ஆகிடும் சார்" என்றார். ஆகுமா? இல்லையென்றால் எதை வெட்டுவது? அம்மா சாப்பாட்டுக்கு என்ன வழி? அப்புறம் அங்கே பைக் வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார்களே, ஓட்டலாமா?

சிங்கை_நாடோடி:

கவர் ஆகும், விமான நிலையம் எல்லாம் கவர் ஆகும். ஊர் ஆகாது.

வரைபடத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். மெலிந்து நீண்டு வளைந்து கிடக்கிற நாடு அது. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் தடம் 1,726 கிலோமீட்டர், ரயிலில் ஏறினால் 30 மணி நேரத்துக்கு மேல். விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் ஓட்டலைக் காலி செய்து, டாக்சி பிடித்து, வரிசையில் நின்று, இறங்கி, மறுபடி டாக்சி பிடித்து அறைக்குப் போவதற்குள் அரை நாள் போய்விடும். உங்கள் ஏஜென்ட் போட்ட திட்டத்தில் இப்படி மூன்று அரை நாள். வடக்கே மலையில் இருக்கும் சாபாவுக்கு விமானமே கிடையாது, ஹனோயிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரம், போக ஒரு தடவை வர ஒரு தடவை. முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் மூன்றாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்பார், செய்யாதீர்கள்.

டிசம்பர் கடைசியில் சாபா நல்ல குளிர், பல நாள் மூடுபனி. வயல் எல்லாம் அறுத்து முடிந்து வெறும் படிகளாகக் கிடக்கும். அந்தத் தங்க நிற மலை வயல் படங்கள் எல்லாம் செப்டம்பரில் எடுத்தவை. அதை முதலில் வெட்டுங்கள். ஃபூ குவாக் அந்த மாதம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு ராத்திரிக்கு ஒரு தீவுக்குப் போவானேன்? அதையும் வெட்டுங்கள்.

மிச்சம் இருப்பது வடக்கு (ஹனோய், ஹா லாங்), நடு (டா நாங், ஹோய் ஆன்), தெற்கு (சைகோன்). இதில் இரண்டைத்தான் எடுக்க முடியும். என் ஓட்டு வடக்குக்கும் தெற்குக்கும். ஹனோயில் இறங்கி சைகோனில் ஏறுகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். கோலாலம்பூர், பாங்காக், சிங்கப்பூர் எதில் மாறினாலும் இரண்டு ஊருக்கும் விமானம் இருக்கிறது. போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை.

மழைக்கோட்டு_மல்லிகா:

தங்கப் பாலம் கேட்ட அந்தச் சகோதரிக்காக எழுதுகிறேன். நாங்கள் போனதும் டிசம்பர் கடைசி வாரம்தான். டா நாங்கில் மூன்று ராத்திரி, முதல் நாள் சாயங்காலம் அரை மணி நேரம் வெயில் பார்த்தோம், அவ்வளவுதான். அந்தப் பாலம் இருக்கும் பா நா மலைக்கு அப்போது டிக்கெட் ஆளுக்கு ஒன்பது லட்சம் டாங், நம் காசில் மூவாயிரத்துக்கு மேல். கேபிள் காரில் ஏறும்போதே கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணி போர்த்தினது போல ஆகிவிட்டது. மேலே இறங்கி 20 ஆயிரம் டாங்குக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு பாலத்தில் நடந்தோம். அந்தக் கை இருக்கிறதே, அதில் எனக்குத் தெரிந்தது இரண்டு விரல். மூன்றாவது விரல் இருந்த பக்கம் காற்று அடிக்கிற சத்தம்தான் வந்தது. பையன் என்னிடம் "அம்மா, பாலம் எங்கே?" என்று கேட்டான், பாலத்தின் மேல் நின்றுகொண்டு.

ஹோய் ஆனிலும் அப்படித்தான். ஆற்றங்கரைத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். கடைக்காரர்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை, சாமானை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருடா வருடம் நடக்கிறதாம். அங்கே மழைக்காலம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும், அக்டோபர், நவம்பரில்தான் பெரிய வெள்ளம். டிசம்பர் கடைசியில் குறைந்துவிடும் என்று சொல்லித்தான் எங்களையும் அனுப்பினார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குத் தெரிந்த மழைதான். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கேயும் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் இறக்குகிறது. பின்னால் மலைத்தொடர் மறித்து நிற்பதால் மேகம் தாண்டிப் போக வழியில்லை. அதே மாதத்தில் தெற்கே சைகோனில் பளீரென்று வெயில். ஒரே நாடு, மூன்று வானிலை, எந்த ஊர் என்று கேட்கும் முன் எந்த மாதம் என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு நனைந்த பிறகுதான் உறைத்தது.

கல்வெட்டுப்பித்தன்:

மழைக்குப் பயந்து நடு வியட்நாமை விடச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் டிசம்பரில் போனவன்தான், தூறல் இருந்தது, குடை இருந்தது, முடிந்தது கதை. பா நா மலை போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அது மலை மேல் கட்டிய பொருட்காட்சி. ஆனால் ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டரில் மீ சன் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஆண்ட சம்பா என்கிற பழைய நாட்டு அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை அங்கே கோயில் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பெரும்பாலும் சிவனுக்கு, பத்ரேஸ்வரன் என்று பெயர். சாந்து தெரியாமல் இழைத்த செங்கல் கோபுரம், மேலே புல் முளைத்து, உள்ளே ஆவுடையார் மட்டும் மிச்சம். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோயில் தரைமட்டமானது, பக்கத்திலேயே குண்டு விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. 2020இல் நம் தொல்லியல் துறை ஆட்கள் அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது மண்ணுக்குள்ளிருந்து 9ஆம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று முழுசாக வந்தது. அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள், அவருக்கென்று திட்டத்தில் ஒரு இடம்கூட இல்லையே என்பதால் சொல்கிறேன். வாசலிலிருந்து மின்வண்டி உண்டு, பிறகு கொஞ்சம் நடை.

மழைக்கோட்டு_மல்லிகா:

குடை பிடித்து நனையாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். அவருக்கு இருப்பதே எட்டு நாள், அதில் மூன்றைச் சீட்டுக்குலுக்கிப் பார்க்கச் சொல்கிறீர்கள். பிப்ரவரிக்கு மேல் மே வரை என்றால் நானே டா நாங்கைத்தான் முதலில் சொல்வேன்.

கல்வெட்டுப்பித்தன்:

மே என்றால் சரி, அதை மறுக்கவில்லை. மீ சன் எங்கேயும் ஓடிவிடாது.

பருப்புப்பொடி:

அம்மா சாப்பாட்டுக்கு வருகிறேன், என் மாமியாரைக் கூட்டிப் போன அனுபவம். அங்கே சைவத்துக்கு "சய்" என்று பெயர், நம் காதுக்கு டீ கேட்பது போல இருக்கும். பௌத்த வழக்கத்தில் வந்தது, நிறையப் பேர் அமாவாசை பௌர்ணமிக் கணக்கில் மாதம் இரண்டு நாள் கறி மீன் தொடமாட்டார்கள், அதனால் எந்த ஊரிலும் சய் கடை இருக்கும். பலகையில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்து நுழையுங்கள். வெஜிடபிள் என்று கேட்டால் ஆபத்து, காய்தான் வரும், ஆனால் மேலே மீன் சாறு ஊற்றி வரும். நுவொக் மாம் என்கிற அந்த மீன் சாறு அவர்களுக்கு நமக்குப் புளி போல, அது இல்லாமல் கை ஓடாது. சய் கடையில் அந்தப் பயம் இல்லை. ஆனால் அங்கே சோயாவில் கோழித் துண்டு மாதிரியே செய்து வைப்பார்கள், மாமியார் முதல் நாள் தட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சாதமும் கீரை வதக்கலும் டோஃபுவும் கைகாட்டி வாங்கிவிடுங்கள், பையில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இருக்கட்டும். முட்டை வாசனை ஆகாது என்றதால் இன்னொன்று, ஹனோயில் முட்டைக் காப்பி பிரபலம், பால் தட்டுப்பாடு இருந்த 1946இல் ஒருவர் பாலுக்குப் பதில் மஞ்சள் கருவை அடித்து ஊற்றிப் பார்த்தது. நீங்கள் தனியாகப் போய்க் குடித்துவிட்டு வாருங்கள்.

அம்மாவுக்கென்று ஒரு இடம் சைகோனிலேயே இருக்கிறது. பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்த நம் தமிழர்கள் கட்டியது. இப்போது கும்பிட வருவது பெரும்பாலும் வியட்நாமியப் பெண்கள். கட்டுக்கட்டாக ஊதுபத்தி பிடித்துக்கொண்டு, சுவரில் நெற்றியை ஒட்டவைத்து, அம்மனிடம் ரகசியம் பேசுவது போல வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு நிற்பார்கள். என் மாமியார் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சிங்கை_நாடோடி:

பைக் கேள்வியை யாரும் தொடவில்லை. ஓட்டாதீர்கள். வாடகைக்குக் கொடுப்பவர் உரிமம் கேட்கமாட்டார், விபத்து ஆனால் காப்பீட்டுக்காரர் கேட்பார். நம் ஆர்டிஓ கொடுக்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஒப்பந்தப்படி வருவது, வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்த அனுமதியை. ஆக உங்கள் கையில் இருப்பது அங்கே வெறும் தாள். கிராப் செயலியில் கார் சல்லிசாகக் கிடைக்கும், நாலு பேருக்கு அதுவே போதும்.

விசா: அரசாங்கத்தின் இ-விசா தளத்திலேயே போடுங்கள், ஒரு தடவை நுழைய 25 டாலர். அதே மாதிரி முகப்பு வைத்து இரண்டு மடங்கு வாங்குகிற தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், முகவரியின் முடிவில் கவ் டாட் விஎன் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள், இனிஷியல் விரித்து எழுதுகிற நம் ஆட்கள் இதில்தான் மாட்டுவார்கள், தப்பினால் கட்டிய பணம் திரும்பாது. மூன்று வேலை நாள் என்பார்கள், நீங்கள் மூன்று வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

பணத்தில் ஒரு விஷயம். 20 ஆயிரம் நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம். ஒன்று நம் காசில் எழுபது ரூபாய், இன்னொன்று ஆயிரத்து எழுநூறு. ராத்திரி டாக்சியில் அவசரமாக எண்ணிக் கொடுத்தால் போச்சு. 5 லட்சத்தைத் தனி உறையில் வையுங்கள்.

ஈரோட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் மல்லிகா அவர்களின் இரண்டு விரல் கதையை வாசித்துக் காட்டினேன். மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அப்போ ஒரு மே மாதம் ஹோய் ஆனுக்கு மட்டும் தனியாகக் கூட்டிப்போறேன்னு எழுதிக்கொடு" என்றார். எழுதிக் கொடுத்தும் ஆயிற்று, பிரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது.

இப்போதைக்கு இப்படி: ஹனோய் இரண்டு ராத்திரி, ஹா லாங் கப்பலில் ஒன்று, ஹனோய்க்குத் தெற்கே இருக்கும் நின் பின் என்கிற ஊரில் இரண்டு, சைகோன் இரண்டு. நின் பின்னில் படகு ஏறுவது அம்மாவுக்குச் சரிப்படுமா? அந்த ஹாங் முவா மலை ஏற 500 படி என்று பார்த்ததும் பகீரென்றது.

சிங்கை_நாடோடி:

மலை உங்களுக்கும் மகளுக்கும். விடியற்காலையில் ஏறி இறங்கிவிடுங்கள், அம்மா ஓட்டலில் டீ குடிக்கட்டும். படகு ட்ராங் ஆனில் ஏறுங்கள், நாலு பேருக்கு ஒரு படகு, துடுப்புப் போடுவது பெரும்பாலும் பெண்கள்தான். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், சுண்ணாம்புக்கல் மலைக்கு அடியில் குகை குகையாக நுழைந்து வெளியே வரும். உட்கார்ந்தே இருக்கலாம், ஆனால் இருக்கை தாழ்வாக இருக்கும், எழும்போது கை கொடுங்கள். சில குகையில் தலையைக் குனிய வேண்டும், அதை முன்னாலேயே சொல்லிவையுங்கள். இன்னொரு இடம் டாம் கோக், அங்கே காலால் துடுப்புப் போடுவார்கள், வேடிக்கையாக இருக்கும், ஆனால் டிசம்பரில் வயல் காலி. ஹா லாங்கிலிருந்து நின் பின்னுக்கு நேர் வண்டி உண்டு, ஹனோய்க்குத் திரும்ப வேண்டாம்.

ஸ்வெட்டர் மறக்காதீர்கள். வியட்நாம் என்றால் வெயில் என்று நினைத்து வந்து ஹனோயில் 15 டிகிரியில் நடுங்குகிற நம் ஆட்களை வருடா வருடம் பார்க்கிறேன். சைகோன் ஓட்டலை இன்றைக்கே போடுங்கள், புத்தாண்டு ராத்திரி விலை ஏறும்.

பருப்புப்பொடி:

கப்பலில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே "சய், முட்டை வேண்டாம்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். ஏறின பிறகு சொன்னால் அம்மாவுக்கு வெறும் தர்பூசணிதான்.