குன்னூர் மூட்டத்தில் டூக்கோ வெளுத்துவிட்டது: 1964 எம்.ஜி.பி, உதவி தேவை

குன்னூர்வாசி:
வணக்கம். அப்பாவின் 1964 எம்.ஜி.பி-யை (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) மூன்று வருடமாகச் சரிசெய்து வருகிறேன். அப்பா வாங்கும்போதே வண்டி சிவப்பு. டேஷ்போர்டைக் கழற்றினால், ஒயர் நுழையும் ரப்பர் வளையத்துக்கு அடியில் எட்டணா அகலத்துக்குக் கரும்பச்சை! பிரிட்டிஷ் ரேசிங் கிரீன். அதற்கே திரும்புவது என்று முடிவு செய்தேன்.

போன வாரம் என்ஜின் அறைக்கு டூக்கோ (தின்னர் ஆவியாகிக் காயும் பழைய வகைக் கார் பெயிண்ட்) அடித்தோம். சாயங்காலம் நான்கு மணி, மூட்டம் பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டது. பத்தே நிமிடத்தில் பச்சை மேல் மோர் தெளித்தது போல வெள்ளைப் படலம். துணியால் துடைத்தாலும் போகவில்லை. "2கே அடித்துக் கிளியர் கோட் போட்டுடலாம், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்கிறார் பெயிண்டர். 2கே என்றால் ஹார்டனர் கலந்து அடிக்கும் இந்தக் காலப் பெயிண்ட், கிளியர் கோட் அதன் மேல் போடும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. இங்கிலாந்தின் ஆபிங்டன் எம்.ஜி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால் போதும் எனக்கு. கரி அடுப்பு மூட்டிப் பட்டறையைச் சூடாக்கி அடிக்கலாமா?

கோத்தகிரி பட்டறை:
தம்பி, கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். காயில் ஹீட்டரும் கூடாது. தின்னர் ஆவியில் தீப்பொறி பட்டால் பட்டறையே போய்விடும்.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு சில்லிடும். ஈரக்காற்று அதில் பனியாகப் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. லேசாக இருந்தால் சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில், பதினொரு மணிக்கு மேல், மெதுவாகக் காயும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பூப்போல ஒரு கை அடியுங்கள். மேல்பூச்சு இளகி ஈரம் வெளியேறும். கம்ப்ரசர் டாங்கில் சேர்ந்த தண்ணீரையும் முதலில் திறந்துவிடுங்கள், பாதிப்பேர் இதை மறக்கிறார்கள். மீதி பாடியைப் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் மலையில் டூக்கோ அடிப்பது வீண்.

வெலிங்டன் ரசிகர்:
கிளியர் கோட்டுக்குச் சம்மதிக்காதீர்கள் சார். அந்தக் காலப் பச்சையில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில்தான். என்ஜின் அறைக்கும் பாடியின் நிறமே, ஆனால் என்ஜின் பிளாக் மெரூன். எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டரின் மணி வடிவ மேல்மூடிகளை முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்துவிடுகிறார்கள். அவை சாதாரண அலுமினிய மங்கலில் இருந்தால்தான் சரி. ஸ்போக் சக்கரத்துக்கு வெள்ளி பெயிண்ட் போதும், குரோம் வேண்டாம்.

உங்கள் சேசிஸ் எண் ஜி.எச்.என்.3 என்று தொடங்கும். அதை அனுப்பினால் இங்கிலாந்தில் கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து முதல் நிறம் எதுவென்று சான்றிதழ் தரும், கட்டணம் உண்டு. பாடிக்குப் பெயிண்ட் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

குன்னூர்வாசி:
அண்ணா, சார், இருவருக்கும் நன்றி. நேற்று நல்ல வெயில். டாங்கைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர்! ரிடார்டர் அடித்த கால் மணியில் பச்சை திரும்பிவிட்டது, பேட்டரிப் பக்கம் மட்டும் லேசாக வெள்ளை பூத்திருக்கிறது. சான்றிதழுக்கும் எழுதிவிட்டேன். ரப்பர் வளையத்துக்கு அடியிலிருந்த பழைய பச்சை மேல் டேப் ஒட்டி, அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.