மறு: பீருக்கான நீரை ‘மென்மையாக்கல்’ என்று சொல்லலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> பீர் காய்ச்சக் குழாயின் கடினநீரைத் திருத்துவதை ‘நீர் மென்மையாக்கல்’ என்றே எழுதிவிடலாமே? பாடநூலில் இருக்கும் சொல்தானே.

சிக்கலே அங்கேதான் ஐயா. பாடநூலில் மென்மையாக்கல் என்றால் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அகற்றுவது. பீர் காய்ச்சுபவருக்கோ கால்சியம் வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் இருந்தால் ஈஸ்ட் திரண்டு அடியில் படியும், பீர் தெளியும். இடைஞ்சல் பைகார்பனேட்டால்தான். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, வெந்நீரில் ஊறவைத்த கலவைதான் மேஷ். அதன் பிஹெச் 5.2 முதல் 5.6 வரை நிற்க வேண்டும். பைகார்பனேட் அதை மேலே ஏற்றிவிடும். உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். வெளிர்நிற பீரில் இது நன்றாகத் தெரியும். கறுப்பு பீரில் வறுத்த மால்ட்டின் அமிலம் ஓரளவு ஈடுகட்டிவிடும்.

வீட்டில் உப்பு போட்டு இயக்கும் மென்னீராக்கி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பைகார்பனேட் அப்படியே கிடக்கிறது. நம் சொல்லை நம்பி ஒருவர் அந்தக் கருவியை வாங்கினால் பழி நமக்குத்தான்! இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் வகைக்குப் பேர்போனது. அதன் நீரில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) மிகுதி. பிற ஊர்க்காரர்கள் தம் நீரில் ஜிப்சம் கலப்பதைப் ‘பர்ட்டனாக்கல்’ என்கிறார்கள். அதாவது, வேண்டுமென்றே கடினமாக்குகிறார்கள்.

என் முன்மொழிவு ‘காரத்தணிப்பு’. கொதிக்கவைத்து, சுண்ணம் படிந்தபின் தெளிவை இறுத்தல், நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்தல், லாக்டிக் அமிலம் விடுதல், ஆர்.ஓ. நீர் கலத்தல் எல்லாம் இதில் அடங்கும். பீர் ஆய்வாளர் கோல்பாக் 1953-இல் வகுத்த அளவைக்கு ‘எஞ்சு காரத்தன்மை’ என்று வைக்கலாம்: மொத்தக் காரத்தன்மையிலிருந்து கால்சியத்தை 3.5-ஆலும் மெக்னீசியத்தை 7-ஆலும் வகுத்துக் கழிக்க வேண்டும், எல்லாம் லிட்டருக்கு மில்லிசமான (mEq/L) அலகில். கால்சியம் கூடினால் தொல்லை குறைகிறது என்பதைக் கணக்கே காட்டுகிறது.

---

> என் முன்மொழிவு ‘காரத்தணிப்பு’

காரம் என்றதும் நாக்கு எரிகிறதே! அது போகட்டும், குளோரின் நீக்கத்தை எங்கே வைப்பீர்கள்? குழாய்நீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரமைன் கொதிக்கவைத்தாலும் லேசில் போகாது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் தேவை. விட்டுவைத்தால் குளோரோபீனால் உண்டாகி மருந்து வாடை அடிக்கும். முழு வேலைக்கும் ‘நீர்ப்பக்குவம்’ என்ற பொதுச்சொல் நல்லது.

---

நீர்ப்பக்குவம், சரி. அதன்கீழ் காரத்தணிப்பு, குளோரின் நீக்கம், (ஜிப்சம் போன்ற) உப்புச் சேர்ப்பு என்று பிரித்துக்கொள்ளலாம்.

நாக்கு எரிவது பற்றி எனக்குக் கவலையில்லை. அமிலம், காரம் என்ற இணை பள்ளியிலேயே பழகியது. வேறொன்று உறுத்துகிறது. காரத்தன்மை என்றதும் பிஹெச் 7-க்கு மேல் என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே பொருள், அமிலத்தை ஏற்று நடுநிலையாக்கும் திறன். பிஹெச் 7-ஐ ஒட்டியிருக்கும் நீரிலும் அது மிகுந்திருக்கலாம். ‘அமிலத்தாங்குதிறன்’ துல்லியமான சொல், ஆனால் முன்னால் ‘எஞ்சு’ ஒட்டினால் மூச்சு வாங்குகிறது. ஆகவே காரத்தன்மையையே வைத்து, வரையறையில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுவோம்.

மேஷுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘ஊறல்’ நொதிக்கும் கலவைக்கு ஏற்கெனவே போய்விட்டது. மேஷில் நொதித்தல் தொடங்கியிருக்காது. ‘மால்ட்கூழ்’ தேறுமா? தனி இழையில் பேசுவோம்.