சின்ன டிராக்டர் லோடருக்கு மண் தோண்ட எதை வாங்குவது: பல் பட்டையா, ஸ்டம்ப் பக்கெட்டா, பெக்கோவா?

வெலிமடைத்தோட்டம்:
வணக்கம். டிராக்டர் 28 குதிரைவலு, நாலு சக்கரமும் இழுக்கும். முன்னால் லோடர், 54 அங்குலச் சாதாரண பக்கெட், அதன் எடை 95 கிலோ. பக்கெட்டைப் பிடிக்கும் பின் (pin) இருக்கும் இடத்தில் 420 கிலோ தூக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நிலம் இலங்கையில் வெலிமடைப் பக்கம். மேல்மண் ஒரு அடிதான். கீழே இறுகின சிவப்புக் களி, நடுவில் வெள்ளைக் கல்லும் வரும்.

வேலை மூன்று. கால் ஏக்கரில் கைவிட்ட தேயிலையை வேரோடு எடுக்க வேண்டும். 200 அடி நீளத்துக்குக் கான் (வடிகால்) வெட்ட வேண்டும், அகலம் 18 அங்குலம், ஆழம் 2 அடி. ஷெட் போட மேட்டை வெட்டி 30க்கு 20 அடி தட்டு (சமதளம்) எடுக்க வேண்டும். இப்போதைக்கு ஒரு சாமானுக்குத்தான் காசு. பக்கெட் விளிம்பில் மாட்டும் பல் பட்டை, தூர் கிளப்புகிற நீளமான குறுகின ஸ்டம்ப் பக்கெட், பின்னால் மாட்டும் தோண்டு கையான பெக்கோ, இதில் எதை முதலில் எடுக்கலாம்?

பட்டறைப்பக்கம்:
தம்பி, முதலில் அந்த 420-ஐக் கழித்துப் பாருங்கள். அது பின் துளைக்கு நேரே தொங்குகிற சுமையின் கணக்கு. மண் இருப்பது பின்னுக்கு அரை மீட்டர் முன்னால். அங்கே போனால் கிட்டத்தட்ட 330. அதில் பக்கெட் எடை 95 போக மிச்சம் 235 கிலோ. உங்கள் பக்கெட் மட்டமாக நிறைந்தால் சுமார் 0.18 கனமீட்டர், ஈரக் களி ஒரு கனமீட்டர் 1.8 டன் என்றால் 320 கிலோவுக்கு மேல். நிறைந்த பக்கெட்டை மேலே உயர்த்தவே முடியாது, தரையோடு நகர்த்தலாம், அவ்வளவுதான். புதிதாக மாட்டுகிற ஒவ்வொரு கிலோவும் இந்த 235-இல்தான் கழியும்.

ஸ்டம்ப் பக்கெட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கெட்டைச் சுருட்டுகிற சிலிண்டரின் பலம் நுனிக்குப் போகும்போது தூரத்தால் வகுபடும். சாதாரண பக்கெட்டில் பின்னிலிருந்து நுனிவரை 60 செ.மீ. என்று வையுங்கள், ஸ்டம்ப் பக்கெட்டில் 110 செ.மீ. வரும். அங்கே 900 கிலோ விசை கிடைத்தால் இங்கே 490தான். நுனி குறுகல் என்பதால் மண்ணுக்குள் நன்றாக இறங்கும், ஆனால் கிளப்பும்போது பலம் இருக்காது. அப்போது டிராக்டரை முன்னால் தள்ளிக் கிளப்பப் பார்ப்பார்கள். சிலிண்டர் ராடு வளைவது அந்த இடத்தில்தான். 50 குதிரைவலுவுக்கு மேல் உள்ள இயந்திரத்துக்கு அது நல்ல சாமான், உங்களுடையதுக்கு வேண்டாம்.

பல் பட்டைதான் முதலில். வெட்டு விளிம்பின் மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கத் தகட்டிலும் போல்ட்டால் பிடிக்கிற மாதிரி எடுங்கள். 54 அங்குலத்துக்கு 7 அல்லது 8 பல் போதும், எடை 40 கிலோவுக்குள் இருக்கட்டும். பக்கத் தகடு மெல்லியதாக இருந்தால் துளை போடும் இடத்தில் 8 மி.மீ. தகடு வைத்துப் பலப்படுத்துங்கள், இல்லையென்றால் துளை நீண்டு பட்டை ஆடத் தொடங்கும். தட்டு மட்டம் பண்ணும்போது போல்ட்டைக் கழற்றிப் பட்டையை எடுத்துவிடலாம்.

கான்_மட்டம்:
பட்டறை அண்ணன் சொன்னது சரி, ஆனால் 54 அங்குல பக்கெட்டால் 18 அங்குலக் கான் வெட்ட முடியாது. லோடர் சுமக்கிற சாமான், தோண்டுகிற சாமான் இல்லை. இறுகின களிக்கு வேலை பின்னால்தான் தொடங்க வேண்டும். டிராக்டரின் பின்னால் இரண்டு இழுவைக் கையும் மேலே டாப் லிங்க்கும் சேர்ந்த மூன்று புள்ளியில் மாட்டும் ஒற்றைக் கொழு ரிப்பர், கேட்டகரி 1 (சின்ன டிராக்டருக்கான மாட்டும் அளவு). 28 குதிரைவலுவுக்கு ஒரே ஓட்டத்தில் 12 முதல் 14 அங்குலம்வரை கிழித்தால் போதும். வெள்ளைக் கல் இருக்கிற மண்ணில் ஷியர் போல்ட் (விசை மிஞ்சினால் முதலில் உடைகிற போல்ட்) இல்லாத ரிப்பரைத் தொடவே வேண்டாம். அது உடைந்ததும் கடையிலிருந்து உறுதியான போல்ட் வாங்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். பிறகு கல்லில் மாட்டினால் உடைவது போல்ட் இல்லை, இழுவைக் கை.

மண்ணின் ஈரமும் முக்கியம். நம் ஊவா மாகாணத்தில் ஜூலை, ஆகஸ்ட்டில் அந்தக் களி செங்கல். நவம்பரில் பிசின்: ரிப்பர் கத்தி மாதிரி கீறிக்கொண்டு போகுமே தவிர மண் உதிராது. கையில் பிடித்து உருட்டினால் கயிறாக நீளாமல் உடைய வேண்டும், அந்த நாளில் இறக்குங்கள். மழை விட்டு நாலைந்து நாள் கழித்துப் பார்க்கலாம்.

கான் 200×1.5×2 என்றால் 600 கனஅடி, 17 கனமீட்டர். வெட்டினதும் உப்பி 21, 22 ஆகும். அந்த மண்ணைக் கானுக்குக் கீழ்ப்பக்கம் போடுங்கள். மேல்பக்கம் போட்டால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வந்துவிடும். சரிவு 120 அடிக்கு 1 அடி. தண்ணீர் நிரப்பின குழாயால் மட்டம் பிடித்து 50 அடிக்கு ஒரு முளை அடியுங்கள், முளைக்கு முளை 5 அங்குலம் இறங்க வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் கானே அரிந்து ஓடையாகிவிடும். முதலில் ரிப்பரால் மூன்று கோடு, பிறகு மம்பட்டி. கல் வரும் இடத்துக்கு அலவாங்கு (கடப்பாரை).

சரிவுக்கணக்கு:
தேயிலை விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. 4க்கு 2 அடி இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு 5,445 செடி, கால் ஏக்கருக்கு 1,360. ஒரு தூருக்கு 3 நிமிஷம் என்றாலும் 68 மணிநேரம் லோடரை முறுக்குவீர்கள். பாதிச் செடி செத்துப்போயிருந்தாலும் 34. அந்த வேலைக்கும் கானுக்கும் 3 டன் மினி எக்ஸ்கவேட்டரை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள், 12 அங்குல பக்கெட்டும் கேளுங்கள். டிராக்டர் மண் அள்ளட்டும், வேரைக் குவிக்கட்டும்.

தூரை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தோண்டாதீர்கள். 2 அடித் தண்டு இருந்தால்தான் பிடித்துச் சாய்க்க முடியும். சங்கிலியால் இழுப்பதாக இருந்தால் பின்னால் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். அச்சுக்கு மேலே, டாப் லிங்க் துளையில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி டிராக்டர் பின்னால் கவிழும். பிரேக் மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது. பென்சில் தடிமன்வரையுள்ள வேரைப் பொறுக்கி எடுங்கள். மலைநாட்டுத் தேயிலையில் போரியா என்கிற வேர் நோய் பழைய வேரிலிருந்துதான் புதுச் செடிக்குப் போகிறது.

இனி எடைக்கட்டு. இதை ஒருவரும் சொல்லவில்லை. பல் பட்டைக்கு முன்னால் இதற்குத்தான் காசு ஒதுக்க வேண்டும். லோடரில் சுமை ஏறினதும் பின்சக்கரம் இலேசாகும், முன் அச்சு நசுங்கும். மூன்று புள்ளியில் தொங்குகிற மாதிரி ஒரு கொங்கிறீட் பெட்டி செய்யுங்கள்: 0.13 கனமீட்டர் என்றால் 310 கிலோ. பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும் நல்லதுதான், நுவரெலியா ஜனவரிப் பனி புல்லைக் கருக்குமே ஒழிய டயருக்குள் இருக்கிற தண்ணீரை உறைய வைக்காது. ஆனால் அது பிடிப்பைக் கூட்டும், முன் அச்சின் சுமையைக் குறைக்காது. அச்சுக்குப் பின்னால் தொங்குகிற எடைதான் முன்பக்கத்தைத் தூக்கிவிடும்.

வெலிமடைத்தோட்டம்:
நன்றி அண்ணன்மாரே. இரண்டு சந்தேகம். பட்டை வாங்காமல் பழைய பற்களை விளிம்பிலேயே வெல்ட் பண்ணலாமா? மூன்று புள்ளியில் அப்படியே மாட்டுகிற பெக்கோ ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா?

பட்டறைப்பக்கம்:
வெல்ட் பண்ணலாம், பிறகு அந்த பக்கெட்டால் தட்டு மட்டம் பண்ண முடியாது, சீப்பால் வாரின மாதிரி கோடு விழும். வெட்டு விளிம்பு கடினமாக்கின இரும்பு. குளிர்ந்த இரும்பில் நேரே வெல்ட் அடித்தால் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு வரும். செய்தே ஆக வேண்டுமென்றால் முன்சூடு கொடுத்து, 7018 வெல்டிங் ராடை உலர வைத்து அடிக்கச் சொல்லுங்கள். பக்கெட்டைக் கழற்றிக் கீழே வைத்து வெல்ட் பண்ணுவது நல்லது. முடியாவிட்டால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளிப்பை வெல்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். டிராக்டர் உடம்பில் மாட்டினால் கரண்ட் லோடர்ப் பின்களின் புஷ், சிலிண்டர் வழியாக ஓடி அதைத் தின்னும்.

மூன்று புள்ளி பெக்கோவை விடுங்கள். தோண்டுகிற விசை முழுவதும் இழுவைக் கைக்கும் டாப் லிங்க்குக்கும் போகும், அது கியர்பெட்டி உறையில்தான் முடியும். டாப் லிங்க் விட்டால் பெக்கோ ஆசனத்தோடு மேலே மடிந்து ஆளைப் பின்சக்கரக் கவசத்தில் நசுக்கும். அடியில் லோடரைப் பிடிக்கிற மவுண்ட்வரை ஓடுகிற சப்ஃபிரேம் (அடிச்சட்டம்) உள்ளது என்றால் யோசிக்கலாம். அப்போதும் அதன் எடை 300 கிலோவுக்கு மேல், எண்ணெய் ஓட்டம் நிமிஷத்துக்கு 20 லீற்றர் அளவில் வேண்டும், உங்கள் பம்ப் எவ்வளவு கொடுக்கிறது என்று கையேட்டில் பாருங்கள்.

சரிவுக்கணக்கு:
தட்டு எடுக்கும் முன்னால் பிரதேச சபையில் கேளுங்கள். பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை தேவைப்படும். மேட்டைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், அடியிலிருந்து குடைந்து மேல்மண் விழட்டும் என்று காத்திருப்பது அதைவிட மோசம். மேலேயிருந்து படிபடியாக இறங்குங்கள். வெட்டுக்கு மேலே முதலில் ஒரு கான்.

ஓட்டும்போது பக்கெட் முழங்காலுக்குக் கீழே. சுமையோடு சரிவுக்குக் குறுக்கே போகக் கூடாது. ஒரு மீட்டர் பலகையின் ஒரு நுனியை மேட்டுப் பக்கத் தரையில் வைத்து மட்டமாகப் பிடியுங்கள், பள்ளப் பக்க நுனி தரையிலிருந்து 18 செ.மீ. உயரத்தில் இருந்தால் 10 பாகை. அதற்கு மேல் லோடரோடு குறுக்கே ஓட்ட வேண்டாம் என்பது என் எல்லை. பழைய கான் குழி ஒன்று புல்லுக்குள் மறைந்திருந்தால் 10 பாகை ஒரு நொடியில் 20 ஆகிவிடும். ஆசனத்துக்குப் பின்னால் இருக்கும் கவிழ்வுச் சட்டத்தை (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம்) மடித்து வைக்காமல் நிமிர்த்தி, பெல்ட் போட்டு உட்காருங்கள்.

கான்_மட்டம்:
ஒரு சின்ன விஷயம். பல் பட்டை மாட்டினதும் பக்கெட்டின் ஒரு மூலையால் மட்டும் கல்லைக் கிளப்பாதீர்கள், லோடர்க் கை முறுகும். பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்து வைத்துப் பின்னால் இழுப்பதும் கூடாது, சிலிண்டர் ராடு முழு நீளத்தில் வெளியே நிற்கும்போதுதான் சுலபமாக வளையும். முதல் 10 மணிநேரம் முடிந்ததும் லோடர் மவுண்ட் போல்ட்டுகளையும் பட்டை போல்ட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள். பின்களுக்குக் கிரீஸ் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன்னால்.